பல் முளைக்கும்வரை செத்திருந்தவன்

பிருந்தாவின் மகன் மீசையோடு பிறந்தான். உதட்டுமேல் பட்டும் படாமலும் கிடக்கிற பூனைமயிர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலுதடு மறையப் படர்ந்து, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி, நுனி சுருண்டு நிற்கிற முழு மீசை, கன்னங்கரேலென்று, அப்போதுதான் சலூன் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தவனைப்போல. பிரசவம் பார்த்த நர்ஸம்மா கொடியை வெட்டி, துடைத்து, எடை போட்டு, மீசையையும் பஞ்சால் ஒரு தடவை ஒற்றிவிட்டு, "பையன்மா" என்று தாயின் நெஞ்சில் கிடத்தினாள். பிருந்தா பிள்ளையைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், "சாரி சிஸ்டர்" என்றாள். கான்வென்ட்டில் படித்தவள், எது நடந்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்ன நடந்தது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அவள் வாழ்க்கைப்பட்ட ஆனையேந்தல், வானம் பொய்த்தாலும் பொய்க்கட்டும், மீசை படியக்கூடாது என்று நினைக்கிற ஊர். அங்கே ஒரே சட்டம்தான் உண்டு: அப்பன் செத்தால் மட்டுமே மகன் மீசையில் கத்தி படலாம். மீசை இல்லாமல் ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கினால், நீ யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால், "அப்பாவுக்கு என்னப்பா செஞ்சது?" என்று கேட்பார்கள். மின்வாரியத்துக்கு மாற்றலாகி வந்த வெளியூர் இன்ஜினியர் ஒருவர் மழித்த முகத்தோடு வேலைக்கு வர, டீக்கடையில் துக்கம் விசாரித்தார்கள், தபாலாபீசில் துக்கம் விசாரித்தார்கள், கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் மேலேயிருந்தே துக்கம் விசாரித்தான். பொறுக்கமாட்டாமல் அவர் லீவு போட்டு ஊருக்குப் போய்த் தகப்பன் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, மீசை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஊருக்கு நடுவே கலைமணியின் சிங்கமுகம் ஜென்ட்ஸ் பார்லர் இருந்தது. முன்பக்கம் சுற்றிலும் கண்ணாடி, சுழலும் நாற்காலிகள், மீசை மெழுகு, தாடி எண்ணெய், சாயக் கிண்ணம், முறுக்கிவிட ஒரு சீப்பு, முறுக்கியதை நிறுத்திவைக்க இன்னொரு சீப்பு. பின்பக்கம் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் ஆனையேந்தலின் வீராதிவீரர்கள் முகத்தில் பப்பாளிப் பேக்கும் கண்ணில் வெள்ளரித் துண்டுமாக மல்லாந்து கிடப்பார்கள். ஆனால் கேட்டால் அங்கே யாரும் இருப்பதில்லை. பெண்டாட்டிமார் தேடி வந்து தெருவில் நின்று கேட்டால், "அண்ணன் மோட்டார் போடப் போயிருக்காரு" என்பான் கலைமணி. கிணறெல்லாம் வற்றி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மோட்டார் போடப் போகிறவர்கள் மட்டும் குறையவில்லை, போய்த் திரும்பும்போது முகம் பளபளவென்று இருக்கும்.

அந்த ஊர் மீசைகளுக்கெல்லாம் தலைமை மீசை பிருந்தாவின் மாமனார் மொக்கராசு. பேரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஏத்தா, பிள்ளையா பெத்துருக்க? ஆம்பளையைப் பெத்துருக்க!"

"சாரி மாமா," என்றாள் பிருந்தா.

அவள் புருஷன் வீரணன் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவன் மீசையில் பாதி மயிர், பாதி பிருந்தாவின் புருவப் பென்சில். வேர்த்தால் இறங்கிவிடும் என்று வெயிலில் போகமாட்டான், சாம்பார் ஊற்றிச் சாப்பிடமாட்டான், அவளை ஆசையாக முத்தமிட்டதும் கிடையாது. இப்போது பிறந்த பிள்ளையே தன்னை மிஞ்சிவிட்டதில் அவனுக்குப் பெருமையும் பொறாமையும் சரிபாதி. தூக்கிப் பார்க்கக் கை நீட்டினான். மொக்கராசு தொண்டையைக் கனைத்தார். அப்பன் எதிரில் மகன் தன் பிள்ளையைத் தூக்குவது அந்த ஊரில் மரியாதைக்கேடு. நீட்டிய கையை வீரணன் தலை சொறிவதற்குப் பயன்படுத்திக்கொண்டான்.

ஊர் வந்து பார்த்தது. "மீசையோட பிறந்தானாமே" என்று கேட்டவர்கள், "என்ன மீசை, தொங்கு மீசையா முறுக்கு மீசையா?" என்றுதான் அடுத்துக் கேட்டார்கள், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையை அவன் இவன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சின்னவர் என்றார்கள். சின்னவர் தூங்குறாரா, சின்னவருக்கு உடம்பு தேவலையா. கோயில் கொடையில் சின்னவருக்குத்தான் முதல் பரிவட்டம். வாய்க்கால் தகராறு, பொண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போன தகராறு எல்லாம் அவரிடமே வந்தன. சலூன் பெஞ்சில் மொக்கராசு மடியில் உட்காரவைத்திருப்பார், சின்னவர் கொட்டாவி விட்டால் வாதிக்கு ஜெயம், விக்கல் எடுத்தால் பிரதிவாதிக்கு. தீர்ப்பைக் குறை சொன்னவர்கள் யாருமில்லை. மீசை வைத்த எவன் சொன்னாலும் கேட்டுக்கொண்டுதானே இத்தனை காலம் இருந்தார்கள்.

இதுவரை எல்லாம் சிரிப்புத்தான். பிருந்தாவுக்குச் சிரிப்பு வராமல் போனது பால் விஷயத்தில்.

வீட்டுக்கு வந்த அன்றே, அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிள்ளையை மாரோடு அணைத்தபோது, வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மொக்கராசு சொன்னார்: "ஏத்தா, இது நல்லாவா இருக்கு? மீசை வச்ச ஆம்பளையை மடியில போட்டு மார்ல பால் கொடுக்குறதா? நாளைக்கு ஊரு என்ன பேசும்? அவரு டம்ளர்ல குடிக்கட்டும்."

எவர்சில்வர் டம்ளரில் பசும்பால் வந்தது. சின்னவருக்குக் குடிக்கத் தெரியவில்லை. மீசை நனைந்து, பால் கழுத்து வழியாக ஓடி, அரைஞாண் கயிற்றில் போய் நின்றது. அதைத் துடைத்துவிட்டு மீசைக்கு விளக்கெண்ணெய் தடவினார்கள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கு ஒரு விரல். அந்த எண்ணெய் வழிந்து வாய்க்குள் போயிற்று. விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிருந்தா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, ஒரு கையால் மீசையை ஒதுக்கிப் பிடித்து, "அருள் நிறைந்த மரியே" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி பாலூட்டிப் பார்த்தாள். வாளி நிறைந்து வழிவதற்குள் கதவு தட்டப்படும். மெழுகு போட்டு விறைத்த நுனி அவள் மார்பில் முள்ளாய்க் குத்தியது. பயத்தில் பால் இறங்கவும் மறுத்தது.

பிறகு பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டான்.

"பாத்தீங்களாய்யா," என்றார்கள் சலூனில், "எறும்பு கடிச்சுக்கூட ஒரு சத்தம் இல்ல. இதுல்ல ஆம்பள!" மொக்கராசு எல்லோருக்கும் டீ சொன்னார். பிள்ளையின் கண் குழிக்குள் போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் முகத்தில் மீசைக்கு மேலே இருப்பதைப் பார்க்கிற வழக்கம் இல்லை.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள், தொடைச் சதையைக் கிள்ளிப் பார்த்தாள், கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"பிறந்தப்ப இருந்ததைவிட எடை குறைஞ்சிருக்கு. என்னம்மா கொடுக்குற?"

பிருந்தா சொன்னாள்.

"மீசையை எடுத்துட்டுப் பாலைக் கொடு. இப்பவே. இல்லேன்னா இந்த மீசையை மட்டும்தான் வளர்த்துக்கிட்டு இருப்ப."

பிருந்தா நகவெட்டிக் கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தாள். பிள்ளை தலையைத் திருப்ப, உதட்டோரம் ஒரு துளி ரத்தம் பூத்தது, அதற்கும் அவன் அழவில்லை. அவள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்புப் போட மறந்து, நேரே ரீசார்ஜ் கடைக்குப் போய், "என்னங்க, வாங்க" என்றாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, வெயில் படாமல் சுவரோரமாகவே பின்னால் நடந்தான்.

சலூன் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பிருந்தா விரல்முட்டியால் மூன்று தட்டுத் தட்டி, "எக்ஸ்க்யூஸ் மீ" என்றாள். பொம்பளை அந்தப் படி ஏறி ஊர் பார்த்ததில்லை. முடிவெட்டக் காத்திருந்தவர்கள் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்கள்.

"கலைமணி அண்ணே, இவனுக்கு மீசை எடுக்கணும்."

கலைமணியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "தங்கச்சி, தகப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப மகன் மீசையில கத்தி வைக்கச் சொல்றீங்க. என் கையை எடுத்துருவாங்க." சொல்லும்போதே அவன் கண் பச்சைத் திரைப்பக்கம் ஓடியது.

பிருந்தாவும் பார்த்தாள். திரைக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. எருமைத்தோல், பித்தளைக் குமிழ் வைத்தது, நடந்தால் தெருவே எழுந்து நிற்கிற செருப்பு.

"மாமா இங்கயா இருக்காங்க?"

"ஐயாவா? ஐயா மோட்டார் போடப் போயிருக்காருல்ல."

"நிச்சயமாவா?"

"சத்தியமா தங்கச்சி. என் கடையில அவருக்கு என்ன சோலி?"

காத்திருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். ஆமாமாம், மோட்டார்தான். திரைக்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் நின்று போயிற்று. பிருந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது: அந்தத் திரைக்குப் பின்னால் படுத்திருக்கிற ஆம்பளை பூலோகத்திலேயே இல்லை, எதைக் கேட்டாலும் எழுந்து வரமுடியாது, வந்தால் முகத்தில் பப்பாளியோடு வரவேண்டும். பயம் போய்விடவில்லை. பயத்தோடே புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க."

"ம்."

"நீங்க செத்துருங்க."

வீரணன் அவளைப் பார்த்தான், திரையின் கீழே செருப்பைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"பல் முளைக்கிற வரைக்கும்."

"எனக்கா?"

"பிள்ளைக்கு."

வீரணன் அன்றைக்குத்தான் மகன் முகத்தை மீசைக்கு மேலேயும் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அவன் நெற்றியில் வேர்த்தது, வேர்வை இறங்கியது, அரை மீசை கறுப்புக் கோடாக வாயோரம் ஒழுகியது, அவன் துடைக்கவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் ஏறி நீட்டிப் படுத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டான்.

"கண்ணை மூடணுமாடா கலைமணி?"

"மூடுனா நல்லதுண்ணே. எனக்கும் ஒரு தைரியமா இருக்கும்."

மூடினான். அவ்வளவுதான், சாவு என்றால் செய்யவேண்டியதைச் செய்துவிடுகிற ஊர் அது. ஒருத்தர் தோள்துண்டை இறக்கினார், ஒருத்தர் பேப்பரால் ஈ ஓட்டினார், இன்னொருத்தர் பழக்கதோஷத்தில் பஞ்சைத் திரித்து வீரணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். "நல்ல பையன்யா. அதிர்ந்து பேசமாட்டான்." திரைக்குப் பின்னால் ஏதோ உறுமியது. கலைமணி கத்தியைத் தீட்டிக்கொண்டே, யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான்: "பேக் காயறப்ப வாயைத் திறந்தா முகத்துல கோடு விழுந்துரும். அப்புறம் போகவே போகாது." உறுமல் நின்றது.

இரண்டே இழுப்பு. மீசை தரையில் விழுந்து, மற்ற மீசைகளின் கத்தரித்த துணுக்குகளோடு கலந்தது. அதற்கடியில் இருந்தது ஓர் உதடு, சின்னதாக, சிவப்பாக, இதுவரை யாரும் பார்த்திராதது. அது நடுங்கியது, கோணியது, பிறகு திறந்துகொண்டது. பிள்ளை அழுதான். கண்ணாடிகள் அதிர அழுதான். அத்தனை நாள் மீசைக்குப் பின்னால் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அழுதான். பிருந்தாவின் ஜாக்கெட் தானாக நனைந்தது. அவள் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முடிவெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதற்குள்ளே பாலூட்டினாள். ஆண்கள் முகத்தைத் திருப்பப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாடி. வேறு வழியில்லாமல் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றதில், யார் செத்தவர் யார் இருப்பவர் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மொக்கராசு மோட்டார் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது முகம் பளபளத்தது, நெற்றியில் மட்டும் புதிதாக ஒரு கோடு. மகன் செத்த செய்தியை அவருக்குப் பக்குவமாகச் சொன்னார்கள். அங்கே இல்லாதவர் ஆதலால் அவரும் அதை அப்போதுதான் கேள்விப்பட வேண்டியிருந்தது. ஆம்பளை அழக்கூடாது, மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வீரணன் பிள்ளையைத் தோளில் போட்டபடி அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் போட்டோவையா போடுறது? பென்சில் கோடு தெரியுது," என்றான்.

ஆமாம், தோளில் போட்டுக்கொண்டுதான். செத்தவனுக்கு என்ன மரியாதை, என்ன மரியாதைக்கேடு? அவன் நடுத்தெருவில் பிள்ளையைக் கொஞ்சினான், தாலாட்டுப் பாடினான், சுருதி சேராமல் பாடினான், பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வெயிலில் நடந்தான். வீட்டுக்கு வீடு ஊர் வாங்குகிற தலைக்கட்டு வரியில் அவன் பெயரை அடித்தார்கள். டீக்கடையில் அவனுக்கு டீ கிடையாது; பிருந்தாவே போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு அவனே டம்ளரைக் கழுவி வைத்தான்.

முறைப்படி தாலியை வாங்கப் பெண்கள் வந்தார்கள், பூச்செண்டு அத்தை தலைமையில். ஊரின் எல்லாச் சாவுக்கும் முதலில் போய் நிற்கிறவள் அவள்.

"ஏத்தா, மனசைக் கல்லாக்கிக்க. கழுத்தைக் காட்டு."

பிருந்தாவுக்கு வாய்வரை 'சாரி' வந்தது. அதை விழுங்கினாள். "கட்டுனவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க அத்தை. கொல்லையில துணி அலசிக்கிட்டு இருக்கார்."

கொல்லைக்குப் போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. வீரணன் குத்தவைத்து உட்கார்ந்து பிள்ளையின் பீத்துணியை அலசிக்கொண்டிருந்தான். பெண்கள் வாசற்படியில் கூட்டமாக நின்று, தேர் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"ரெண்டாந்தண்ணி விட்டியாடா?"

"மூணாந்தண்ணி, அத்தை."

பூச்செண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எம் புருசன் உசுரோட இருந்து என்னத்தக் கண்டேன்." திரும்பிப் போகும்போது தாலி ஞாபகம் யாருக்கும் இல்லை. தெருமுனைப் போஸ்டரைக் கடக்கையில் மட்டும் நின்று சொன்னாள்: "நாமளும் ஒவ்வொண்ணையும் பெக்கறப்ப செத்துப் பொழச்சவளுகதான். நமக்கு எவன்டி போஸ்டர் அடிச்சான்?"

மீசை மறுபடி முளைக்கவில்லை. சின்னவர் என்ற பேரும் போய், "ஏலே குண்டா" என்றானது. அவன் அதற்குச் சிரித்தான். இளவட்டங்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப்பக்கம் வர ஆரம்பித்தார்கள், யார் கண்ணிலும் படாமல்.

"அண்ணே, சாகும்போது வலிச்சுச்சா?"

"முதல்ல கொஞ்சம் கூச்சமா இருக்கும்டா. அப்புறம் பழகிரும்."

"எனக்குப் பொட்டப்பிள்ளையாப் போச்சேண்ணே. நான் எப்படிச் சாக?"

சட்டம் அப்படி. மீசையுள்ள மகன் இருந்தால்தான் அந்த ஊரில் ஒருவன் நிம்மதியாகச் சாகமுடியும்.

இப்படியிருக்கையில் ஒரு மத்தியானம், கொல்லையில் உட்கார்ந்து பாலூட்டிக்கொண்டிருந்த பிருந்தா சுரீரென்று கடிபட்டுப் பிள்ளையை விலக்கினாள். பிள்ளையின் கீழ் ஈறில் அரிசி முனைபோல வெள்ளையாக ஒன்று. எட்டிப் பார்த்த வீரணனின் முகம் செத்தது, இந்தத் தடவை நிஜமாகவே. பிழைத்து எழுந்தால் பென்சில், சுவரோர நிழல், சாம்பார் இல்லாத சோறு. இந்தப் பிள்ளையைத் தலை சொறிந்தபடி தூரத்திலிருந்து பார்க்கவேண்டும்.

"யார்ட்டயும் சொல்லாத," என்றான்.

அதே நேரம் கொல்லைக் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். எருமைத்தோல். தெருவில் ஒருநாளும் குனிந்து நடக்காதவர், கொல்லைக்கதவின் தணிந்த நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார் மொக்கராசு. பிருந்தா முந்தானையால் பிள்ளையின் வாயை மூடினாள். பல் விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது, மகனை உயிர்ப்பிக்க வந்துவிட்டார், அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

மொக்கராசு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிள்ளையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். நெற்றிக் கோடு இன்னும் போகவில்லை.

"அன்னைக்கு இவன் அழுதான்ல," என்றார். "சலூன்ல."

"நீங்கதான் அங்க இல்லையேப்பா. மோட்டார் போடப் போயிருந்தீங்கள்ல."

"ஆமா. போயிருந்தேன்." கீழே குனிந்து செருப்புக் குமிழை நெருடினார். "உன்னைத் தூக்குனதில்லடா நான். எங்கப்பா இருந்தாரு. அவரு செத்தப்ப நீ வளந்துட்ட. இவனையும் மடியில வச்சுத் தீர்ப்புச் சொன்னதோட சரி, கொஞ்சுனதில்ல."

வேட்டி மடிப்பில் கை விட்டு ஒரு கத்தியை எடுத்துக் கல்லில் வைத்தார்; கலைமணியின் கத்தி.

"உன் மீசையை எடுடா."

"நான் எடுத்தா நீங்க செத்துருவீங்கப்பா."

"அது எனக்குத் தெரியாதா? பெருசா எடுக்கறதுக்கு அங்க என்ன இருக்கு, இருக்கிறதை எடு."

வீரணன் கத்தியைக் கையில் வாங்கினான். முந்தானைக்குள் பிள்ளை நெளிந்து, சிணுங்க ஆரம்பித்தான். மொக்கராசு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எப்படி ஏந்துவது என்று தெரியாமல் ஒரு தடவை மல்லாத்தியும் ஒரு தடவை கவிழ்த்தும் பார்த்துக்கொண்டார்.

"சீக்கிரம்டா, பிள்ளை அழுறான்."